அருமை அக்கா

அணில் ஒரு நாவல் எழுதி, தானே அச்சடித்து, எழுதுகிறவர்களின் வாட்ஸப் குழுவில் அட்டைப்படத்தைப் போட்டது.

"அருமை அக்கா! என் புத்தகத்துக்கும் ரெண்டு வார்த்தை போடுங்க," என்றது மைனா. கிளியும் முயலும் அதையே சொல்லி ஆளுக்கொரு பிரதி வாங்கின. யாராவது படித்தார்களா என்று கேட்க அணிலுக்குக் கூச்சம்.

மழைக்காலம் முடிந்த பிறகு நத்தை எழுதியது: "இப்பத்தான் முடிச்சேன் அக்கா. கதையில அம்மா பேரு செம்பா. பாதிக்கு அப்புறம் தங்கம்னு வருதே, அப்பா ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கிட்டாரா?"

மைனாவுக்குக் கோபம். "எல்லார் முன்னாடியும் குத்தம் சொல்லுது. குழுவைவிட்டுத் தூக்குங்கக்கா!"

"சும்மா இருடி. அது படிச்சிருக்கு," என்றது அணில்.

பிறகு, தான் எப்போதோ "அருமை" போட்டிருந்த நத்தையின் நாவலைத் தேடி எடுத்து, முதல் பக்கத்தைப் பிரித்தது.