காத்திருந்த கத்தரிக்கோல்

"இன்னிக்கும் காத்து சரியில்லைனு சொல்லப்போறீங்க, அதானேப்பா?"

மகள் சிக்ரிட் கேட்டதும் லோவல் சிரித்துவிட்டார். அலாஸ்காவில் அவர்கள் வீட்டுக்குச் சாலை கிடையாது; சின்ன விமானம்தான் குடும்ப வண்டி. ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவரேதான். பதினாறு வயதானால் தனியாகப் பறக்கலாம். அவளுக்குப் பதினேழு முடியப்போகிறது. ஒருநாள் மேகம், ஒருநாள் காற்று என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

"இந்தா சாவி. ஒரு சுத்து சுத்திட்டு வா."

சிக்ரிட் தனியாக ஏறினாள். வட்டமடித்து, பூப்போல இறக்கினாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனைவியிடம் கேட்டு வாங்கி வந்திருந்த கத்தரிக்கோலை எடுத்தார் லோவல். முதல்முறை தனியாகப் பறந்து இறங்குபவரின் சட்டைப் பின்பக்கத்தை வெட்டி, தேதி போட்டுச் சுவரில் மாட்டுவது விமானிகள் வழக்கம். அவர் ஆணிகூட அடித்து வைத்திருந்தார்.

"ஜாக்கெட்டைக் கழட்டிட்டுத் திரும்பி நில்லு, கேப்டன்!"

தயங்கித் தயங்கித் திரும்பினாள். சட்டையின் பின்பக்கம் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது.

"போன வருஷம் நீங்க மீன்பிடிக்கப் போயிருந்தப்ப, பயிற்சி குடுக்கிற ஓரின் மாமாதான் என்னைத் தனியா அனுப்பினாரு. நம்ம விமானத்துலதான். எத்தனை தடவைப்பா உங்களைக் கேட்கிறது?"

லோவல் கத்தரிக்கோலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு வேற சட்டை போட்டுட்டு வந்திருக்கலாமேம்மா."

"மறுபடியும் உங்களை ஏமாத்த மனசு வரல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

சிக்ரிட் அவர் கையைப் பார்த்தாள்.

"இதே கத்தரிக்கோல்தான்பா. அம்மாதான் வெட்டினாங்க."