ஆவுடையப்பனின் இடது கை

தொழில்முறைக் கபடி அணிக்கு ஆள் எடுக்க வந்த பெலிக்ஸ், கல்லூரி அணியின் ஆவுடையப்பனைத் தவிர யாரையும் பார்க்கவில்லை. மலை மாதிரி உடம்பு. ஓரத்தில் நிற்பவனோடு கைகோத்து நிற்பான். பாடி வருகிறவனை இருவரும் சேர்ந்து அமுக்குவார்கள். ஆனால் விழும்போது அவனுடைய இடது கை மட்டும் பிடியை விட்டுவிட்டுக் கூட்டாளியின் தலைக்கு அடியில் போய்விடும். பிடிபட்டவன் அந்தச் சந்தில் நழுவிவிடுவான்.

"அந்தக் கை எங்கடே போவுது?"

"அவன் தலை தரையில அடிச்சிரக் கூடாதுல்லா சார்."

"சொன்னா மாத்திக்கிடுவான் சார்," என்று கோச் அவசரமாகக் குறுக்கே புகுந்தார்.

பெலிக்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்தில் போய் நின்றார். "நான் உனக்கு யாரோ. பாயின்ட்டு போச்சுன்னா உனக்கு எடம் கெடையாது. கையக் கோத்துக்கோ."

பாடி வந்தவனின் காலை அவர் பாய்ந்து பிடித்தார். ஆவுடையப்பன் இடுப்பைப் பிடித்தான். மூவரும் சரிந்தார்கள். வந்தவன் உருவிக்கொண்டு போய் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். கோச் தலையில் அடித்துக்கொண்டார்.

பெலிக்ஸின் வழுக்கைத் தலைக்கு அடியில் வியர்த்த, அகலமான உள்ளங்கை ஒன்று இருந்தது. அவர் உடனே எழுந்திருக்கவில்லை.