கோட்டுக்கு அந்தப் பக்கம்

நாட்டின் மானத்தைக் காக்கும் எண்பது நிமிடம்.

அதில் எழுபத்தாறை அவன் பெஞ்சில் உட்கார்ந்தே காத்துவிட்டான்.

கோலாலம்பூர் வெயில். ரக்பித் தொடரின் இரண்டாவது டெஸ்ட். அதுவே கடைசி டெஸ்டும்.

மாற்று வீரர்கள் எட்டுப் பேர். ஏழு பேர் உள்ளே போயாயிற்று. மிச்சம் அவன். ஹூக்கருக்கு மாற்று. இரண்டு பக்கமும் முட்டித் தள்ளுகிற ஸ்க்ரமில் நடுவே தொங்கிக்கொண்டு பந்தைக் காலால் இழுக்கிறவன். ஹூக்கருக்கு அடிபட்டால்தான் அவனுக்கு வேலை.

ஆறு வருடமாக எந்த ஹூக்கருக்கும் அடிபடவில்லை. நாட்டுக்கு அத்தனை ஆரோக்கியம்.

ரக்பியில் ஒரு வழக்கம் உண்டு. பெஞ்சில் உட்கார்ந்தவன் நாட்டுக்கு ஆடியவன் ஆகமாட்டான். கோட்டைத் தாண்டி ஒரு கால் வைக்க வேண்டும். ஒரு நொடி போதும். பெயர் ஏறிவிடும். வைக்காதவரை அவன் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவன்.

இது அப்பாவுக்குத் தெரியாது.

கண்டி–கம்பளை பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட்டோடு ஒரு செய்தியையும் சேர்த்துக் கிழித்துக் கொடுப்பார். "மூத்தவன் நாட்டுக்கு வெளையாடுறான்." ஏறினவர்களுக்கு ஒரு தடவை. இறங்கும்போது மறந்திருப்பார்களோ என்று இன்னொரு தடவை.

அவன் ஒருநாளும் திருத்தவில்லை.

நேற்று விடியற்காலை அப்பா போய்விட்டார்.

அணி மேலாளர் குணநாயகம் தங்கப் பொத்தான் வைத்த கோட்டோடு அவன் அறைக்கு வந்தார். தோளில் கை வைத்தார். "அப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்? நில்லு மகன், நாட்டுக்காக நில்லுன்னுதான் சொல்லியிருப்பார்."

அப்பாவை அவர் பார்த்ததே இல்லை. அவனுடைய பெயரையே கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத்தான் சொன்னார்.

அவன் நின்றுவிட்டான். அப்பா தெரியாமல் சொல்லி வந்த பொய்யை, அப்பா எரிவதற்குள் உண்மையாக்கிவிடலாம்.

தம்பி சதானந்தன் காலையில் பேசினான். கொள்ளி அவன்தான் வைக்கப் போகிறான்.

"அண்ணே, மேட்ச் போன்ல லைவா வருமாம். வாசல்ல எல்லாரும் பார்ப்போம். நீங்க கிரவுண்டுல எறங்குங்க. எறங்கின பொறகுதான் அப்பாவத் தூக்குவோம். பெரியப்பா கண்டிப்பாச் சொல்லிட்டாரு."

இறங்காவிட்டால் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

இப்போது இங்கே நாலரை. அங்கே இரண்டு. இரண்டு மணிக்கு எடுப்பதாகத்தான் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

பக்கத்தில் ரிஸ்வி. எட்டாம் எண். அறுபதாவது நிமிடத்தில் வெளியே வந்தவன், முழங்காலில் ஐஸ் பையோடு கிடந்தான். பெஞ்சில் போன் கூடாது. ஐஸ் பைக்கு அடியில் இவன் கொடுத்து வைத்த போன் நனைந்துகொண்டிருந்தது.

"தம்பி என்னவாம்?"

"ஐயர் அவசரப்படுத்துறாராம் மச்சான். அவருக்கு இன்னொரு வீடு இருக்காம்."

அவன் களத்தைப் பார்த்தான். ஹூக்கர் ஓடிக்கொண்டிருந்தான். கன்றுக்குட்டி மாதிரி. நல்லவன். நேற்று அவனைக் கட்டாயப்படுத்தி நாலு வாய் சாப்பிட வைத்தவன்.

ஹூக்கர் விழ வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டான்.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு சுளுக்கு.

எழுபத்தெட்டாவது நிமிடம். ஹூக்கர் தோளைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தான்.

சாமிக்குக் காது கேட்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"யோகராஜ்! எழும்பு!" பயிற்சியாளர் கத்தினார்.

எழும்பினான். கால் மரத்திருந்தது. நொண்டிக்கொண்டே கோட்டருகே போய் நின்றான். கேமரா அவன் பக்கம் திரும்பியது. ஆறு வருடத்தில் முதல் தடவை.

பின்னால் ரிஸ்வியின் குரல் உடைந்து வந்தது.

"மச்சான், பார்த்துட்டாங்களாம்டா! அண்ணன் எறங்கிட்டாருன்னு அங்க ஒரே சத்தமாம். தூக்கிட்டாங்களாம்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ட்ராக் சூட்டைக் கழற்றினான். சாமான் பொறுப்பாளரிடம் கையை நீட்டினான்.

இருப்பது ஒரே செட் ஜெர்சி. பெஞ்சுக்காரர்கள் சும்மா உட்கார்ந்து வியர்த்து அழுக்காக்கக் கூடாது என்று அதைப் பையிலேயே வைத்திருப்பார்கள். உள்ளே போகிறவனுக்குத்தான் கிடைக்கும்.

பொறுப்பாளர் பைக்குள் கை விட்டார்.

மறுபடி விட்டார்.

பையைக் கவிழ்த்தார். ஒற்றைக் காலுறை விழுந்தது. ஒரு தைலப் போத்தல் விழுந்தது.

ரிஸ்வி தன் எட்டாம் எண்ணைக் கழற்றி எறிந்தான். வியர்வையும் புல்லுமாக அது அவன் மார்பில் வந்து ஒட்டியது. கோட்டில் நின்ற அதிகாரி தாளைப் பார்த்தார். எட்டு வெளியே போனதாக எழுதியாயிற்று. முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

விளையாட்டு நிற்கவில்லை. கடைசி இரண்டு நிமிடத்தைப் பதினைந்துக்குப் பதில் பதினாலு பேர் ஆடி முடித்தார்கள்.

கோட்டுக்கு இந்தப் பக்கம், பனியனோடு, அவன் நின்றான்.

விசில் ஒலித்தது.

ரிஸ்வி போனை நீட்டினான். தம்பியின் குரல் செய்தி வந்திருந்தது. பின்னால் தப்பு மேளச் சத்தம். "கேமராவுல உங்களக் கண்டதோட லைன் கட்டாயிட்டுண்ணே. பரவால்ல. அப்பா காதுல சொல்லித்தான் தூக்கினோம்."

அவன் அதை இன்னொரு தடவை கேட்டான். பிறகு, "சரி தம்பி" என்று எழுதி அனுப்பினான்.

அவனுடைய பதினாறாம் எண் ஜெர்சியை மேலாளர் குணநாயகம் மதிய விருந்தில், விருந்து கொடுத்த தொழிலதிபருக்குப் பரிசளித்திருந்தார். தொழிலதிபருக்கு அந்த அளவுதான் பொருந்தியது.