தலைவர் மட்டும்

"தலைவர் மட்டும் உள்ள வரலாம்" என்றார் பியூன், கதவைப் பாதி திறந்து பிடித்தபடி.

பெஞ்சில் இருந்த ஆறு பேரில் ஒருவரும் எழவில்லை.

மறுப்பு ஒன்றும் இல்லை. யார் எழுவது என்று இன்னும் பேசி முடிவாகவில்லை.

"எங்களுக்குத் தலைவர்னு யாரும் இல்லண்ணே. எல்லாரும் ஒண்ணா வரோம்" என்றான் வக்கீல். அவன் படிப்பது தாவரவியல். வாய்க்காக வந்த பெயர்.

"ஒரே ஒரு ஆள்னு உத்தரவு தம்பி. கீழ கார் நிக்குது. பையெல்லாம் வண்டியில ஏத்தியாச்சு."

கல்லூரி முதல்வர் வெளிநாடு போகிறார். அவர் திரும்புவதற்குள் இறுதித் தேர்வு முடிந்துவிடும். அவர்களுடைய நண்பன் ஒட்டடையைக் கல்லூரியிலிருந்து நீக்கும் உத்தரவு அவர் மேசைமேல் இருந்தது. இப்போது நிறுத்தினால் உண்டு.

ஒட்டடைக்குச்சி உயரம் என்பதால் ஒட்டடை. மூடும் நேரத்துக்குப் பிறகும் நூலகத்தை விட்டு வரமாட்டோம் என்று அவனோடு சேர்த்து ஏழு பேரும் உள்ளேயே உட்கார்ந்தார்கள். தள்ளுமுள்ளில் கண்ணாடிக் கதவு உடைந்தது. முடிவு ஏழு பேருடையது. வெளியே போகிறவன் ஒருவன்.

ஏன் அவன் மட்டும் என்பதை ஆறு பேரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

தண்டனை என்றால் எல்லாருக்கும் கொடுங்கள், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம். இன்று அதைச் சொல்லத்தான் வந்திருந்தார்கள்.

பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஜன்னல் வழியே சைக்கிள் நிறுத்தம் தெரிந்தது. ஒட்டடையின் அம்மா அங்கே நின்றுகொண்டிருந்தாள். காலடியில் அவனுடைய பெட்டி. மாடியேறும்போது அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இத்தனை பேர் இருக்கீங்களே கண்ணு, அப்புறம் என்ன" என்றிருந்தாள்.

மாணவர் பேரவைக்குத் தலைவர் பதவியே வேண்டாம் என்று சொல்லித் தேர்தலில் ஜெயித்தவர்கள் இவர்கள். வட்டமாக உட்கார்வார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. முழங்கால்மேல் கையை மல்லாத்தி வைத்தால் சம்மதம், மூடினால் மறுப்பு. ஒரு கை மூடியிருந்தாலும் முடிவு இல்லை. விடுதிக் குழாய்களில் தண்ணீர் வந்தது அந்த வழியில்தான். வாயில் கொழுக்கட்டை என்று மற்றவர்கள் கேலி செய்த முதலாமாண்டுப் பிள்ளைகள் பேச ஆரம்பித்ததும் அந்த வட்டத்தில்தான்.

ஆனால் இது சுவரோடு சேர்த்து அடித்த நீள பெஞ்ச். இந்தக் கோடியில் இருப்பவருக்கு அந்தக் கோடியின் கை தெரியாது.

ஆகவே வக்கீல் தரையில் இறங்கி உட்கார்ந்தான். அடுத்தவன் இறங்கினான். ஒவ்வொருவராக எல்லாரும் இறங்கினார்கள். அவளும்.

"என்னப்பா, பந்தி போடவா?" என்றார் பியூன்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"நீ போயேன்டா."

"நான் போனா, நான்தான் எல்லாம்னு ஆயிடும்."

"சீட்டு போட்டுப் பாக்கலாமா?"

"அதுக்குப் பேர் முடிவு இல்ல, அதிர்ஷ்டம்" என்றான் வக்கீல். "அதுவும் போக, ஒருத்தர் மட்டும் போகலாமாங்கறதையே நாம இன்னும் பேசல."

சரிதான். ஒவ்வொருவரும் சொன்னது சரியாகவே இருந்தது.

உள்ளே ஒரு மேசை இழுப்பறை மூடியது. பிறகு இன்னொன்று. சாவிக்கொத்து குலுங்கியது.

ஒருவர் மட்டும் போகலாமா? கைகள் முழங்காலுக்கு வந்தன. ஐந்து கைகள் மல்லாந்தன. எப்போதும் பேசாமலிருக்கும் இயற்பியல்காரியின் கை மூடியிருந்தது.

"அவங்க சொல்றபடி நாம ஆடணுமா?" என்றாள் இயற்பியல்காரி, தரையைப் பார்த்துக்கொண்டு. "யோசிக்கக் கொஞ்சம் நேரம் குடுங்க."

கொடுத்தார்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம்.

கதவிடுக்கில் வந்துகொண்டிருந்த குளிர்காற்று நின்றது. ஏசியை அணைத்துவிட்டார்கள்.

கோடியில் இருந்தவள் முழங்காலில் எம்பி ஜன்னல் வழியே பார்த்தாள். கீழே அந்த அம்மா கையால் வெயிலை மறைத்துக்கொண்டு மாடியைப் பார்த்தாள். எந்த ஜன்னல் என்று தெரியாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

பெஞ்சின் கோடியிலிருந்து இறங்கியவள் எழுந்து நின்றாள்.

"ஏய், இன்னும் முடியல" என்றான் வக்கீல்.

அவள் கதவருகே போய்விட்டிருந்தாள்.

"நீங்கதான் தலைவரா?" என்று கேட்டார் பியூன்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இல்லை என்றால் கதவு மூடிவிடும்.

"ஆமா. நான்தான்."

பியூன் அவளை ஒரு கணம் பார்த்தார். கதவை முழுதாகத் திறந்து ஒதுங்கினார்.

முதுகுக்குப் பின்னால் தரையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "தலைவர் போறாங்க, வழி விடுங்கப்பா."

யாருடைய குரல் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நூலக விசாரணையின்போது இதே கதவு திறந்து, இதே கேள்வி வந்து, ஒட்டடை ஒருவன் மட்டும் எழுந்து, ஆமா என்று சொல்லி உள்ளே போனான். அன்று இதே கேலியைச் சொன்னது அவள்தான்.