பத்தாவது கட்டை

"மெஷினே கயித்தை இழுத்து பத்துக் கட்டையையும் நிக்க வச்சிடுது, பின்னாடி ஒரு ஆள் எதுக்குன்னு உன் தம்பிதான் கேட்டான்" என்றபடி, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் கூடத்தின் முதலாளி, மெஷின் அறைச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

ஒவ்வொரு கட்டையின் தலையிலும் ஒரு கயிறு கட்டியிருக்கும்; மெஷினுக்குப் பின்னால் நின்று, சிக்கிய கயிறுகளை எடுத்துவிடுவது என் வேலை. மூன்று வருடமாக அங்கே சாம்பியன் என் தம்பி. கூடப் பிறந்தவனே குழி பறித்துவிட்டான்!

வீட்டில் கேட்டேன். "உள்ளதைத்தானே சொன்னேன்?" என்றான், முகத்தில் அடித்தாற்போல்.

மறுநாள் இறுதிப் போட்டி. முதல்முறையாகப் பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

தம்பி கடைசிப் பந்தை உருட்டினான். ஒன்பது கட்டைகள் விழுந்தன. பத்தாவது ஆடியது, ஆடி ஆடி நின்றேவிட்டது. கோப்பை கைமாறியது.

நேராக என்னிடம் வந்தான்.

"அண்ணே, மெஷின்ல ஏதோ கோளாறு. ஆடுற கட்டை எப்பவும் விழுந்துடுமே!"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் எப்படி?"

கயிறு அறுத்த தழும்புகளோடு உள்ளங்கையை நீட்டினேன்.

"ஆடுற கட்டையோட கயித்தைச் சுண்டிவிட, பின்னாடி ஒரு ஆள் வேணும்டா. அந்த ஆள் எதுக்குன்னுதானே நீ கேட்டே?"