விரிப்பு மாற்றும் நேரம்

சாயங்கால வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைக் கட்டிலின் மேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. விரிப்பு மறுபடியும் நனைந்துவிட்டது. தையல் மெஷினைப் பாதியில் விட்டு எழுந்து வந்த மகள், படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவை ஒருக்களிக்கப் புரட்டுகிறாள். மகளின் இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கிறது. "ஆண்டவரே, உமக்குக் கண்ணு இருக்கா இல்லையா? சின்னப் பிள்ளையில உம்மைப் பாடிக்கிட்டே திரிஞ்சேன். கல்யாணமான புதுசுல உபவாசம் இருந்தேன். வீட்டுக்காரரு போனப்ப முட்டி போட்டு அழுதேன். இப்ப எனக்கு ஒண்ணும் வேணாம். ஆளை விடும்!" உலர்ந்த விரிப்பை ஓங்கி உதறுகிறாள், சோப்பு வாசனை அறை முழுக்கப் பரவுகிறது. மகளின் பெயரையே மறந்துபோன அம்மா, 'ஆண்டவரே' என்ற சத்தம் காதில் விழுந்ததிலிருந்து கண்ணை இறுக மூடி, நடுங்கும் கைகளைக் குவித்தபடி கிடக்கிறாள். திட்டு ஓய்ந்ததும், "ஆமென்" என்கிறாள், கணீரென்று. மகளின் கை விரிப்பின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது. அம்மா மெல்லக் கண்ணைத் திறந்து, வீடு வீடாக ஜெபிக்க வருகிற யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்க்கிறாள். "நல்லா ஜெபம் பண்றீங்க, சிஸ்டர். அவரு எப்பவும்போல கேட்டுக்கிட்டுதான் இருக்காரு. நாளைக்கும் வருவீங்கல்ல?" மகள் ஈர விரிப்பைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொள்கிறாள். "வராம எங்கம்மா போகப்போறேன்?"