குனிந்த கழுத்து

முதலில் வந்தவள் ஊக்கமருந்து எடுத்திருந்தாள்; ஆகவே இரண்டாவதாக ஓடிவந்த தமயந்திக்கே தங்கம் என்று பன்னாட்டு விளையாட்டு நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. முதலில் வந்தவளோ பதக்கத்தைத் திருப்பித் தரவில்லை. அவள் நாட்டு நீதிமன்றமோ அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது என்றுவிட்டது. நம் தடகளச் சங்கம் உடனே பாராட்டு விழா எடுத்தது. பொன்னாடைக்குத்தான் எந்த நாட்டிலும் தடை கிடையாதே.

செயலாளர் ராஜமன்னார் பொன்னாடையோடு வந்தார். பதக்கம் வாங்குகிறவளைப் போலத் தமயந்தி கழுத்தைத் தாழ்த்தினாள். போர்த்திய பிறகும் அவள் நிமிரவில்லை.

“நிமிரும்மா, போட்டோ எடுக்கணும்.”

“பதக்கத்தப் போடுங்க சார், நிமிர்றேன்.”

“அவங்க குடுத்தாத்தானம்மா போட முடியும்? அதான் தீர்ப்பு உன் பக்கம் வந்துருச்சே!”

“அப்ப அந்தத் தீர்ப்பப் போடுங்க. எவ்வளவு கனக்குதுன்னு பாக்குறேன்.”

பொன்னாடை நழுவித் தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. விழாவை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று யாரோ நாட்டுப்பண்ணை ஒலிக்கவிட்டார்கள். ஓட்டம் நடந்த அன்றைக்கு அந்த மைதானத்தில் அவளுக்காக ஒலித்திருக்க வேண்டிய பாட்டு. அரங்கம் முழுவதும் எழுந்து விறைப்பாக நின்றது.

அவள் கழுத்து மட்டும் குனிந்தபடியே இருந்தது.